அம்மாவின் கூன், அப்பாவின் குனிவு

மட்டக்களப்பு வாவிக்கரை ஊரொன்றிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 69 வயது, அப்பாவுக்கு 75. மூன்று நான்கு வருடத்துக்குள் இருவருமே வளைந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முதுகின் மேல்பாதி கூனி, தலை முன்னுக்கு வந்துவிட்டது. முன்பு அளவாக உடுத்த சீலையின் கரை இப்போது நிலத்தில் இழுபடுகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். போன வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திக்குக் கூட்டிப் போனபோது, தலையை நிமிர்த்தி அம்மனைப் பார்க்க முடியாமல் "நீ பார்த்துச் சொல்லு மகள்" என்றாராம்.

அப்பாவின் வளைவு வேறு மாதிரி. இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடி நடக்கிறார். பத்து நிமிடம் நடப்பதற்குள் கால் கனக்கிறது என்று மதிலில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் படுவான்கரை வயலுக்குச் சைக்கிளில் ஐந்தாறு கிலோமீற்றர் போய்வருகிறார். "சைக்கிள் ஓடத் தெரிந்த மனுசனுக்கு நடக்கத்தான் பஞ்சி" என்று சகோதரி எழுதியிருக்கிறார்.

இருவரையும் நிமிர்த்த அவர் படாத பாடில்லை. காலையில் முற்றத்தில் நிறுத்தி, யூடியூப்பைப் பார்த்துக் குனிந்து கால்விரலைத் தொட வைக்கிறார். கத்தாரிலிருந்து தம்பி ஆளுக்கொரு முதுகுப் பெல்ட் அனுப்பியிருக்கிறார். பாமசியில் கல்சியக் குளிசை வாங்கிக் கொடுக்கிறார். ஊரில் ஒருவர், முதுகை நெட்டி எடுத்து நிமிர்த்தித் தருகிறேன் என்கிறாராம். தம்பி அனுப்பும் காசில் ஒருவரைத்தான் தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்துக் காட்ட முடியும், யாரை முதலில் காட்டுவது என்பது அவருடைய பெரிய கேள்வி. "வயசு போனால் கூனத்தானே செய்யும், நான் வீணாக அலைகிறேனா?" என்றும், கடைசி வரியில் "எனக்கும் இப்படி வருமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் வீணாக அலையவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் முக்கியமான இரண்டு விடயங்களை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன் அரிசிப் பையைத் தூக்கும்போது அம்மாவுக்கு நடுமுதுகில் "மளுக்" என்று பிடித்து, மூன்று கிழமை எழும்ப முடியாமல் கிடந்தது. அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். மற்றது, தொய்வுக்காக (ஆஸ்துமாவுக்காக) அம்மா பல வருடமாக அடிக்கடி போட்டுவந்த சின்ன வெள்ளைக் குளிசை. துண்டிலிருந்து பார்த்து எழுதிய அந்தப் பெயர், பிரெட்னிசலோன். இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தபோது எனக்கு அம்மாவின் முதுகைப் பற்றிப் பாதி விளங்கிவிட்டது.

ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் இருவரும் வளைந்ததால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் காரணம் வேறு. ஒருவருக்கு நல்லது செய்யும் பயிற்சி மற்றவருக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு வேறு.

அம்மாவின் முதுகில் நடந்திருக்கக்கூடியது

முதுகின் மேல்பகுதி எல்லாருக்குமே கொஞ்சம் பின்னால் வளைந்துதான் இருக்கும். இளவயதில் அந்த வளைவு ஏறத்தாழ 20 முதல் 40 பாகைக்குள் நிற்கும். 40 வயதுக்குப் பிறகு அது மெல்லக் கூடத் தொடங்கும். ஆண்களுக்கும் கூடும், ஆனால் பெண்களுக்கு வேகமாகக் கூடும். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் காய்ந்து தட்டையாவதும், முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் மெலிவதும் இதற்குக் காரணம். 40க்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரம் குறைவது வழமை. 70க்கு மேல் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையும். இந்த அளவுக்கு மட்டும் "வயசு" என்று சொல்லலாம்.

மூன்று நான்கு வருடத்துக்குள் சீலை நிலத்தில் இழுபடும் அளவுக்குக் குறைந்தால் அதை வயசின் தலையில் போட முடியாது. மண்கல் அடுக்கிய சுவரில் ஒவ்வொரு கல்லின் முன்பக்கத்தையும் மட்டும் மழை கரைத்தால் சுவர் எந்தப் பக்கம் சாயும்? எலும்பு பொறுபொறுத்துப் போன பெண்களின் முள்ளெலும்பிலும் இதுதான் நடக்கிறது. எலும்பின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்துக்கு வருகிறது. அப்படி இரண்டு மூன்று எலும்பு நசுங்கினால் முதுகு கூனிவிடுகிறது. இதற்கு விழ வேண்டும் என்றில்லை. குனிந்து ஒரு பை அரிசியைத் தூக்கினாலே போதும். இப்படி நசுங்கும் எலும்புகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகின்றன. "வாயு", "சுளுக்கு", "வேலை செய்த அலுப்பு" என்று எண்ணெய் பூசி ஆறிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் நடந்த தவறு இல்லை இது. என்னிடம் வரும் கூன் விழுந்த அம்மாமாரில் பலர் இப்படி ஒரு "சுளுக்கு"க் கதையோடுதான் வருகிறார்கள்.

பெண்களுக்கு இது ஏன் அதிகம் என்று கேட்டால், மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரஜன் குறைகிறது. அதன்பின் வரும் ஐந்தாறு வருடத்தில் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடப் போகலாம். உங்கள் அம்மாவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சூலகத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த இழப்பு பத்து வருடம் முந்தியே தொடங்கியிருக்கும். அதற்கு மேல் பிரெட்னிசலோன். நீண்ட காலம் எடுத்தால் எலும்பை அரிக்கும் மருந்துகளில் முதல் இடம் அதற்குத்தான். தொய்வு முற்றிய நேரத்தில் உயிரைக் காப்பாற்றும் நல்ல மருந்தும் அதுவேதான். ஆகவே இதை வாசித்துவிட்டு அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டி, மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்துக்கு (இன்ஹேலருக்கு) மாற முடியுமா என்று கேளுங்கள். பழைய துண்டை வைத்துப் பாமசியில் திரும்பத் திரும்ப வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

சாப்பாடு இறங்காததற்கும் கூனுக்கும் தொடர்பு உண்டு. நெஞ்சுக்கூடு கீழே இறங்கி வயிற்றை அமத்துகிறது. அதனால்தான் நாலு வாயில் வயிறு நிறைகிறது, நெஞ்சு எரிகிறது. சுவாசமும் குறுகும். தொய்வுக்காரருக்கு இது இரட்டைச் சுமை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய மூன்று விடயங்கள்

வைத்தியசாலைக்குப் போகுமுன் ஒரு பின்னேரம் இதைச் செய்யுங்கள். அம்மாவைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்துங்கள். குதி, பின்புறம், முதுகு மூன்றும் சுவரில் முட்ட வேண்டும். நாடியைத் தூக்காமல், நேரே பார்த்தபடி, பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடாவிட்டால் இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தலையைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டாம்.

அடுத்து, அவர் நின்றபடியே இருக்க, பின்னால் நின்று, விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே உங்கள் விரல்களை வையுங்கள். இரண்டு விரலுக்குக் குறைவாக இடம் இருந்தால் கீழ் முதுகிலும் எலும்பு நசுங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது உயரம். இளவயது உயரம் எழுத்தில் இல்லாவிட்டால் கலியாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் காதளவுக்கு நின்றவர் இப்போது எங்கே நிற்கிறார்? அப்பாவும் குறைந்திருப்பார் என்பதால் இது திட்டமான கணக்கு இல்லை, ஆனாலும் உதவும். இளவயது உயரத்திலிருந்து 4 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூன் விழுந்த முதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் நசுங்கிய எலும்பு இருக்கிறது. மற்றவர்களுக்கு வட்டும் தசையும்தான் காரணம். அம்மாவுக்கு எலும்பு நசுங்கியிருக்கும் என்று நான் நினைப்பது அந்த அரிசிப் பைக் கதையையும் குளிசையையும் வைத்துத்தான். எக்ஸ்ரே பார்த்தால்தான் உறுதியாகும்.

அப்பாவுக்குப் பஞ்சி இல்லை

சகோதரி, இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் உரிமை எடுத்துப் பேசுகிறேன். நடந்தால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது, சைக்கிளில் எவ்வளவு தூரமும் போகிறார். இதை நீங்கள் பஞ்சிக்குச் சாட்சியாக எழுதினீர்கள். எனக்கு அது வருத்தத்தின் பெயரையே சொல்லிவிட்டது. கீழ் முதுகில் நரம்புகள் இறங்கும் குழாய் ஒடுங்கிவிட்டவர்கள் இதைத்தான் சொல்வார்கள். வயது போகப் போக அந்தக் குழாயைச் சுற்றியுள்ள எலும்பும் நாரும் தடித்து, உள்ளே இடம் குறைகிறது. நிமிர்ந்து நிற்கும்போது அந்த இடம் இன்னும் ஒடுங்கி நரம்பு நெருக்குப்படும். முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் திறக்கும். சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக் குனிந்திருக்கும்போது நரம்புக்கு இடம் கிடைக்கிறது, அதனால் கால் வலிக்கவில்லை. கடையில் சாமான் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாலும் இப்படித்தான் இலேசாக நடப்பார்கள்.

அப்படியென்றால் அப்பாவின் குனிவு அவருடைய உடம்பு தானாகக் கண்டுபிடித்த மருந்து. "நிமிர்ந்து நடங்கோ அப்பா" என்று ஒவ்வொரு தரமும் நீங்கள் சொல்லும்போது, தெரியாமல், காலில் வலியைக் கூட்டும் ஒன்றைச் செய்யச் சொல்கிறீர்கள். இன்றே அந்தச் சொல்லை நிறுத்திவிடுங்கள். முடிந்தால் அவரிடம் இதை விளக்கியும் சொல்லுங்கள். இத்தனை நாளும் "நடிக்கிறார்" என்று கேட்டுக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஆனால் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாகவும், சுருட்டுப் பழக்கம் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே காலுக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அப்படிப்பட்டவருக்கு நின்றாலே வலி குறையும், உட்காரவோ குனியவோ தேவையில்லை. சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். அப்பாவின் கதை முதலாவதோடுதான் பொருந்துகிறது. இருந்தாலும் வைத்தியரிடம் பாதத்தில் நாடித்துடிப்புப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ஆண்களின் வளைவைப் பார்க்கும்போது இன்னொரு வருத்தத்தையும் மனதில் வைக்க வேண்டும். அப்பா நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா? ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா? சும்மா மடியில் வைத்திருக்கும்போது விரல் நடுங்குகிறதா? கையெழுத்து வரவரச் சிறுத்திருக்கிறதா, குரல் மெலிந்திருக்கிறதா, அடி எடுத்து வைப்பது குறுகி இழுபடுகிறதா? இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் பாக்கின்சன் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, மருந்தில் உடம்பு இலேசாகும். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை, ஆனாலும் ஒருநாள் அவருக்குத் தெரியாமல் பின்னால் நடந்து பாருங்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் நன்றாக நடப்பார்கள்.

எலும்பு பொறுபொறுத்துப் போகும் இந்த எலும்புத் தேய்வு பெண்களுக்கு மட்டும் வரும் வருத்தம் என்பதும் சரியில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் எலும்புத் தேய்வால் முறிவு வருகிறது. அப்பாவின் உயரத்தையும் அளந்து வையுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

காலைப் பயிற்சி. நீங்கள் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறீர்கள் என்று விளங்குகிறது, ஆனால் அம்மா இனிக் குனிந்து கால்விரலைத் தொடவே கூடாது. 1984இல் வெளிவந்த அமெரிக்க மேயோ கிளினிக் ஆய்வொன்றில், எலும்பு தேய்ந்த 59 பெண்களைப் பிரித்து வேறு வேறு பயிற்சி கொடுத்தார்கள். முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதமானோருக்கு முள்ளெலும்பு புதிதாக நசுங்கியது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம். சின்ன ஆய்வுதான், பழையதும்கூட. ஆனால் இன்றைக்கும் நாங்கள் எலும்பு தேய்ந்தவர்களைக் குனிய விடாததற்கு அது ஒரு முக்கிய காரணம்.

நெட்டி எடுக்கும் வைத்தியம். பொறுபொறுத்த எலும்பில் முழங்காலை வைத்து இழுத்தால் அது முறியும். கைமுறிவுக்குக் கட்டுப் போட்டு நன்றாகப் பார்த்தவர் என்பதற்காக முதுகைக் கொடுத்துவிடாதீர்கள். மெல்ல எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுப்பதில் பிழையில்லை, அமத்துவதும் முறுக்குவதும் வேண்டாம்.

பெல்ட். தம்பி பாசத்தோடு அனுப்பியதை வீசச் சொல்ல மாட்டேன். ஆனால் இடுப்புப் பெல்ட் மேல்முதுகுக் கூனை ஒன்றும் செய்யாது. தோளைப் பின்னால் இழுக்கும் வார், இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் இழுக்கும். நாள் முழுக்கப் போட்டால் வேலை செய்ய வேண்டிய தசை இன்னும் சோம்பும். அப்பாவுக்கு அது நேரே வலியைத்தான் கூட்டும். புதிதாக எலும்பு முறிந்தவருக்கு வைத்தியர் சில கிழமைக்குக் கொடுக்கும் பட்டி வேறு விடயம்.

கல்சியக் குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, அதை மட்டும் நம்பியிருப்பதைத்தான் நிறுத்த வேண்டும். 50 தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டையும் சேர்த்து 1200 மில்லிகிராம் அளவில் கல்சியம் போதும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? நெத்தலியை முள்ளோடு பொரித்தோ சொதி வைத்தோ கொடுங்கள், குரக்கன், எள்ளு, முருங்கையிலை, எருமைத் தயிர் எல்லாம் இருக்கின்றன. கல்சியத்தை உடம்பு எடுக்க விற்றமின் டி வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் வயதானவர்களுக்கு அது குறைவாக இருக்கும். வயதுபோன தோல் வெயிலிலிருந்து அதைச் செய்வதும் குறைவு.

அம்மாவுக்கு என்ன செய்யலாம்

நசுங்கிய எலும்பு பழைய உயரத்துக்குத் திரும்பாது. இதை மறைத்து நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. செய்யக்கூடியது இரண்டு. அடுத்த எலும்பு நசுங்காமல் பார்ப்பது ஒன்று, மெலிந்த தசையால் வந்த வளைவைக் குறைப்பது மற்றது. இரண்டுமே பெரிய விடயம்தான். ஒரு முள்ளெலும்பு புதிதாக நசுங்கிய பெண்களில் ஐவரில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது. அதை மருந்தால் குறைக்கலாம்.

பொதுவாக முதலில் கொடுப்பது கிழமைக்கு ஒன்று போடும் அலென்ட்ரோனேட் குளிசை. இதைப் போடும் முறையில் பிழை விட்டால் பலனும் இல்லை, தொண்டைக் குழாயும் புண்ணாகும். காலையில் வெறுவயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிளேன்ரீயோடு போடக் கூடாது, கல்சியக் குளிசையோடும் போடக் கூடாது. போட்ட பிறகு அரை மணித்தியாலம் வேறு எதுவும் சாப்பிடாமல், படுக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்தோ நடந்தோ இருக்க வேண்டும். அம்மாவுக்கு நெஞ்செரிவு இருப்பதையும் சிறுநீரக நிலையையும் பார்த்துத்தான் வைத்தியர் இதைத் தெரிவுசெய்வார், பொருந்தாவிட்டால் ஊசி மருந்துகள் உண்டு. பல்லுப் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

பயிற்சியை இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது. அதுவரை இதைச் செய்யலாம். முதுகுள்ள கதிரையில் உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல் இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடட்டும். பத்துத் தரம், காலையும் பின்னேரமும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மத்தியானம் பத்து நிமிடம் கட்டிலில் மல்லாந்து, தலைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் தலையணை வைத்துப் படுக்கட்டும். ஒரேயடியாகத் தலையணையை எடுத்துவிடாதீர்கள், தலை தொங்கினால் கழுத்து வலிக்கும். கிழமைகள் போகப் போக மெல்ல மெல்லத் தாழ்த்தலாம்.

வீட்டிலும் சில மாற்றம் வேண்டும். குந்தியிருந்து திருவும் துருவலைக்குப் பதிலாக மேசையில் பூட்டுவதை வாங்குங்கள். விளக்குமாற்றுக்கு நீளத் தடி போட்டுக் கட்டுங்கள், நிமிர்ந்தபடி முற்றம் கூட்டலாம். கிணற்றில் வாளியால் அள்ளுவது இனி அம்மாவின் வேலை இல்லை. நிலத்தில் கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கிப் பழக்குங்கள். கூன் விழுந்தவருக்கு உடம்பின் பாரம் முன்னுக்குப் போய்விடுவதால் விழுவது சுலபம். வாசல்படியில் ஒரு கைபிடி, இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு லைட், வழுக்காத செருப்பு, இந்த மூன்றையும் இந்தக் கிழமைக்குள்ளேயே செய்யலாம்.

அப்பாவுக்கு

அப்பா சைக்கிள் ஓடட்டும். அதுதான் அவருடைய பயிற்சி. ரோட்டில் வாகனம் கூடின நேரத்தைத் தவிர்த்தால் போதும். நடக்கும்போது ஒரு தடியை ஊன்றியோ சைக்கிளையே உருட்டியோ போகலாம். முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சியும் வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் அவருக்கு உதவும். பாருங்கள், அம்மாவுக்கு விலக்கிய வளைவு இவருக்கு மருந்து. இந்த வருத்தம் பலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்கு மெல்லக் கூடும். நடக்கும் தூரம் வரவரக் குறைந்து, வயலுக்குப் போவதே முடியாமல் போனால் சத்திர சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் அப்போதுதான் அவசியமாகும்.

காசை யாருக்குச் செலவழிப்பது

இப்போதைக்கு இருவருக்குமே வேண்டாம். இருவரையும் பக்கத்து அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ எது கிட்டவோ அங்கே போகலாம், அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அம்மாவுக்கு முதலில் வேண்டியது முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் சில இரத்தப் பரிசோதனையும். அதில் எலும்பு நசுங்கியது தெரிந்தால், எலும்பு அடர்த்தி ஸ்கேன் இல்லாமலே மருந்து தொடங்கலாம். அப்பாவுக்கு முதலில் வேண்டியது ஒரு வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பது. இருவருக்கும் 60 தாண்டிவிட்டதால் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்து வையுங்கள், வைத்தியசாலை வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும்.

யாரை முதலில் என்று வற்புறுத்திக் கேட்டால், அம்மாவை. அப்பாவின் நிலை சில மாதம் பொறுக்கும், அம்மாவின் அடுத்த எலும்பு பொறுக்காமல் போகலாம். தம்பியின் காசைக் கையில் வைத்திருங்கள், மருந்து வெளியில் வாங்க வேண்டி வந்தாலோ, அப்பாவுக்குப் பின்னால் ஸ்கேன் தேவைப்பட்டாலோ உதவும்.

ஆனால் சில அறிகுறி கண்டால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காலில் பலம் திடீரென்று குறைவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் போகவே முடியாமல் அடைபடுவது, உட்காரும் இடத்தில் உணர்வு மரப்பது, இவை எது வந்தாலும் இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். முதுகு வலியோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வந்தாலும், படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தாலும், அந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இப்படித்தான் தொடங்கலாம்.

உங்களைப் பற்றி

எனக்கும் வருமா என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு எலும்புத் தேய்வு இருந்தால் மகளுக்கும் வாய்ப்புக் கூடுதல்தான். ஆனால் அம்மாவின் கூனில் பெரும்பங்கு சீக்கிரம் நின்ற மாதவிலக்குக்கும் அந்தக் குளிசைக்கும் இருக்கலாம், அவை உங்களுக்கு இல்லை. 46 வயதில் உங்கள் கையில் நல்ல காலம் இருக்கிறது. மாதவிலக்கு எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். 45க்கு முன் நின்றிருந்தாலோ, சின்ன விழுகையில் எலும்பு முறிந்தாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். இருவரையும் தூக்கிப் பிடித்துப் பராமரிக்கிறீர்கள், உங்கள் முதுகும் உழைக்கிறது, தூக்கும்போது நீங்களும் முழங்காலை மடக்குங்கள். அம்மாவுக்குச் சொன்ன தோள்பட்டைப் பயிற்சியை அவரோடு சேர்ந்து செய்யுங்கள், அவருக்கும் துணையாக இருக்கும்.

அம்மாவையும் அப்பாவையும் அளக்கும் அதே நாளில் உங்களையும் அளந்து, மூன்று பேருக்கும் நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் திரும்ப அளந்து எனக்கு எழுதுங்கள்.